ஒரு கடியில் இரண்டு பாதி

கணினித் துறையில் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பிட்’. நிரல் எழுதும்போது பிட்டுகளை நகர்த்துகிறோம், மறைக்கிறோம், புரட்டுகிறோம். அந்தச் சொல்லையே ஒருமுறை புரட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் அழகு அள்ள அள்ளக் குறையாதது.

பிறப்பால் அது ஒரு சுருக்கம். இரும எண்ணின் ஓர் இலக்கத்தைக் குறிக்கும் ‘பைனரி டிஜிட்’டை இப்படிச் சுருக்கியவர் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி. தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்ட தம் 1948-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதை அச்சேற்றிய கிளாட் ஷானன், சொல் டூக்கி தந்தது என்று மறவாமல் குறிப்பிட்டார். ‘பினிட்’, ‘பிகிட்’ என்ற சுருக்கங்களும் அப்போது போட்டியில் இருந்தன. அவை செய்த சொற்களாகவே நின்றுவிட்டன. ‘பிட்’டோ ஆங்கிலேயர் வாயில் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள், கடித்தெடுத்த துண்டு. ‘இன்னும் ஒரு வாய் சாப்பிடு’ என்கிறோமே, அந்த ‘வாய்’. ‘டிஜிட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கோ விரல் என்று பொருள். எண்ணும் விரலும் கடிக்கும் வாயும் மூன்றே எழுத்தில் கூடிவிட்டன.

இன்னும் ஆழத்தில் ஒரு வேர் இருக்கிறது. கடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும், பிளத்தலைக் குறிக்கும் வடமொழி ‘பித்’ என்னும் வினையடிக்கும் மூலம் ஒன்றே. அந்த வினையடியில் கிளைத்துத் தமிழுக்கு வந்தவை ‘பேத’மும் ‘பின்ன’மும். பள்ளிக் கணக்கில் பார்த்த பின்னத்துக்குப் பிட் தூரத்துச் சொந்தம்! ஷானனின் கணக்கிலும் பிட் செய்யும் வேலை பிளப்பதுதான். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் சம வாய்ப்புள்ள ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒரு பிட். அது எஞ்சிய வாய்ப்புகளைச் சரிபாதியாகப் பிளக்கிறது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் ஒன்றை நீங்கள் மனத்தில் நினைத்தால், ஆறே கேள்விகளில் அதைத் தொட்டுவிடலாம். ஆறு பிளவு, ஆறு பிட். டூக்கி எண்ணிச் செய்தாரோ இல்லையோ, சொல்லின் ஆதிப்பொருளும் அறிவியல் தந்த பொருளும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

அடுத்து வந்தது ‘பைட்’. 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்ட்ரெச் கணினியை வடிவமைத்தபோது வெர்னர் புக்கோல்ஸ் இட்ட பெயர். எந்திரம் ஒரே கடியில் எடுக்கும் பிட்டுகளின் கொத்து என்பது கருத்து. கடித்தலுக்கு உரிய ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்து விடுபட்டால் அது ‘பிட்’ ஆகிவிடும். தட்டச்சில் நேரும் அந்தச் சிறு நழுவலுக்கு இடம் கொடாமல், நடுவில் இருந்த ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘ஒய்’யை வைத்தார் புக்கோல்ஸ். ஒலி மாறவில்லை, பொருள் மாறவில்லை. பிழைக்கான வழி மட்டும் அடைபட்டது. தரவை அனுப்பும்போது ஒரு பிட் கெட்டால் காட்டிக்கொடுக்கக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு பிட்டைச் சேர்ப்பது பொறியாளர் வழக்கம். அதே முன்யோசனையைத் தாம் இட்ட பெயரின் எழுத்துக்கூட்டலிலும் காட்டினார் புக்கோல்ஸ்.

ஐபிஎம்மின் சிஸ்டம்/360 வந்த 1964-க்குப் பின் ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பது மெல்ல நிலைபெற்றது. அதில் பாதியான நான்கு பிட்டுக்கு ‘நிபிள்’ என்று பெயர். ஆங்கிலத்தில் கொறித்தல் என்று பொருள். கடிப்பதில் பாதி கொறிப்பது! சிலர் இதையும் ‘ஒய்’ போட்டே எழுதுகிறார்கள். குடும்ப முகச்சாயல் விட்டுப்போகக் கூடாது அல்லவா?

அந்த ‘ஒய்’யின் அருமை, அது இல்லாத இடத்தில் பளிச்சென்று தெரியும். சுருக்கி எழுதும்போது பிட்டுக்குச் சிறிய ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’ என்பதே வழக்கம். காவல் எழுத்துக்கு அங்கே இடமில்லை. ‘100 எம்பிபிஎஸ்’ இணைப்பு வாங்கியவர் நொடிக்கு 100 மெகாபைட் இறங்கும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எண் குறிப்பது மெகாபிட்; எட்டால் வகுத்தால் கிடைப்பது பன்னிரண்டரை மெகாபைட். புக்கோல்ஸ் தடுக்க நினைத்த அதே குழப்பம் இது. ஒரு மாறிக்கோ செயற்கூறுக்கோ பெயர் தேடி நிரலர்கள் நெடுநேரம் யோசிப்பது வீண் வேலை இல்லை. பொருளைச் சொல்வதோடு பிழையையும் தடுக்கும் பெயர், நன்றாக எழுதிய நிரலுக்குச் சமம்.