குரல் இல்லாத பிரசங்கம்: ஆஸ்கர் மிஷோவின் ‘பாடி அண்ட் சோல்’

பால் ராப்சன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய குரல்தான். அந்தக் கனத்த அடிக்குரலுக்காகவே உலகம் அவரைக் கொண்டாடியது. ஆனால் அவர் நடித்த முதல் படம் ஒரு மௌனப்படம்: 1925-ல் வந்த ‘பாடி அண்ட் சோல்’. அதில் அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? பேச்சாலேயே ஊரைக் கட்டிப்போடும் ஒரு போதகர்!

குரலால் பிழைக்கும் ஒருவனைப் பற்றிய படத்தில் குரலே இல்லை. அந்தக் காலத் தொழில்நுட்பம் அவ்வளவுதான் என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் படத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கொஞ்சம் பின்னணி. இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1884-ல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர், நாவல் எழுதியவர், பிறகு சொந்தமாகவே படம் எடுக்கத் தொடங்கியவர். கறுப்பின நடிகர்களை வைத்து, கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்ட இத்தகைய படங்களுக்கு ‘ரேஸ் மூவிஸ்’ என்று பெயர். 1915-ல் வந்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ கறுப்பின ஆண்களை மிருகங்களாகக் காட்டிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பத்தே வருஷம் கழித்து, ஒரு கறுப்பினப் போதகரையே வில்லனாக்குவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். சொந்த சனமே சண்டைக்கு வரும். நியூயார்க் தணிக்கைக் குழுவும் மதத்தை இழிவுபடுத்துகிறது என்று முதலில் அனுமதி மறுத்தது. மிஷோ வெட்டித் திருத்தித்தான் படத்தை வெளியே கொண்டுவந்தார்.

கதை இதுதான். ஜெங்கின்ஸ் சிறையிலிருந்து தப்பிய குற்றவாளி. ஜார்ஜியாவில் ஒரு சிற்றூரில் போதகர் வேஷம் போட்டிருக்கிறான். மார்த்தா ஜேன் என்ற ஏழைத் தாய்க்கு அவன்மேல் அளவில்லாத பக்தி. துணி தேய்த்து, பருத்தி பறித்துச் சேர்த்த பணத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். மகள் இசபெல் விரும்புவது சில்வெஸ்டரை. அவன் போதகரைப் போலவே இருக்கும் நல்லவன். இரண்டு வேடமும் ராப்சன்தான். தாயோ போதகரையே மருமகனாக்கப் பார்க்கிறாள். ஜெங்கின்ஸ் மகளைச் சீரழிக்கிறான், பைபிளில் இருந்த பணத்தையும் பறிக்கிறான். இசபெல் ஊரைவிட்டு அட்லாண்டாவுக்கு ஓடிப்போகிறாள். பணம் களவுபோன பழியும் அவள் தலையில்தான் விழுகிறது.

இப்போது பிரசங்கக் காட்சிக்கு வருவோம். ராப்சன் கையை வீசுகிறார், குதிக்கிறார், வியர்த்துக் கொட்டுகிறார். சபையில் பெண்கள் ஆடுகிறார்கள், அழுகிறார்கள். நமக்கு மட்டும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாமும் மயங்கியிருப்போம் என்றே நினைக்கிறேன். அது ராப்சன் குரல் ஆச்சே! கேட்காததால், ஒரு உடம்பு மற்ற உடம்புகளை ஆட்டிவைக்கிற வேலை மட்டும் பச்சையாகத் தெரிகிறது. இன்று இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பின்னால் சேர்த்த இசை இருக்கும். இந்தக் காட்சிக்கு மட்டுமாவது ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

படத்தின் இன்னொரு முக்கியமான தேர்வு, கதை சொல்லும் வரிசை. மகளுக்கு நடந்ததைப் படம் உடனே காட்டுவதில்லை. பிற்பாடு அட்லாண்டாவில், சாகக் கிடக்கும் மகள் தாயிடம் சொல்லும்போதுதான் அது காட்சியாக வருகிறது. அதுவும் எப்படி? அறைக்குள் அடிமேல் அடி வைத்து வரும் ஒரு ஜோடி காலணிகள், அவ்வளவுதான். முன்னமே ஏன் சொல்லவில்லை என்பதற்கு மகளிடம் ஒரே பதில்: சொல்லியிருந்தாலும் அம்மா நம்பியிருக்க மாட்டாள். பணத்தைப் பறித்தவனும் அதை நம்பித்தான் பறிக்கிறான்.

சார்லஸ் மஸ்ஸர் என்ற ஆய்வாளர், வெள்ளை எழுத்தாளர்கள் கறுப்பின வாழ்வைப் பற்றி எழுதிய நாடகங்களுக்கு மிஷோ கொடுத்த பதிலடியாக இந்தப் படத்தை வாசிக்கிறார். அவற்றில் ஒன்றான ‘ரோசான்’ முதலில் மேடையேறியபோது, முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள்தான் நடித்தார்கள். அருமையான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றால் படம் இரண்டு இனங்களுக்கிடையிலான ஒரு விவாதமாக மட்டும் சுருங்கிவிடுகிறது. ஒரே வீட்டுக்குள் தாய்க்கும் மகளுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கேள்வி, யார் சொன்னால் நம்புவோம் என்பது, கைநழுவிப் போகிறது. மதம், பாலினம், இனம், ஊடகம் என்று பல்கலைக்கழகத்தில் தனித்தனித் தாளாகப் படிக்கிறோமே, அந்த நாலும் முடிச்சு விழும் இடம் அதுதான்.

கடைசியில் தாய் விழித்துக்கொள்கிறாள். எல்லாம் கனவாம்! தணிக்கைக்குப் பயந்து வைத்த சமரசம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கண்விழித்த தாய் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். மகள் விரும்பியவனை ஏற்றுக்கொள்கிறாள். கையில் ஆதாரம் எதுவும் கிடையாது. கனவில் கேட்ட மகளின் பேச்சு ஒன்றுதான். அந்த ஊரில் ஒரு பெண்ணின் சொல் எடுபட வேண்டுமென்றால் அது கனவில்தான் நடக்கும் என்பது எனக்குச் சமரசமாகத் தெரியவில்லை. போதகர்மேல் வைத்த குற்றச்சாட்டைவிட இது கடுமையானது.

குறைகளும் உண்டு. சில்வெஸ்டருக்கு உயிரே இல்லை. நல்லவன் என்பதைத் தாண்டி அவனிடம் ஒன்றுமில்லை. மிஷோவின் மற்ற பல நாயகிகளைப் போல இசபெலும் வெளிர் நிறத்தவள். யாருடைய துயரம் திரையில் அழகாகத் தெரியும் என்பதில் அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

ராப்சனின் அப்பா அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து போதகரானவர். அந்த வீட்டில் வளர்ந்த மகன்தான் இந்த வேடத்தை இவ்வளவு துணிச்சலாகச் செய்திருக்கிறார். பிரசங்கம் என்றால் என்ன, அது எப்போது வேஷமாகிறது என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.