எந்தப் பக்கத்துக் காற்று?

நர்ஸிங் கோட்பாட்டின் முதல் பாடம் சன்னல். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் 1859-ஆம் ஆண்டு நூல் காற்றோட்டத்தில்தான் தொடங்குகிறது.

அந்தப் பாடத்தைக் கோலார் தங்கவயலில் வைத்துப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே சயனைடு மேடு: பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கல்மாவு. காற்றடித்தால் அது தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வந்து படியும். உள்ளே கட்டிலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வெண்கல்லைத் துளைத்து அதன் தூசியை நெஞ்சில் வாங்கிய முதியவர். சிலிக்கோசிஸ். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அந்த நுரையீரல் தழும்பை ஆற்ற இன்றும் மருந்தில்லை. மருத்துவர் கையை விரிக்கும் இடத்தில் நர்ஸின் வித்தை தொடங்குகிறது.

பாடத்தை மனப்பாடம் செய்தவர் சன்னலைத் திறப்பார். உள்வாங்கியவர் முதலில் வெளியே எட்டிப் பார்ப்பார். வரும் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டவரும் நைட்டிங்கேல்தானே! மேட்டுப் பக்கத்தைச் சாத்தி, எதிர்க்கதவைத் திறந்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறார் அப்படி உள்வாங்கிய ஒரு சிஸ்டர். உலர்ந்த துணி தூசியை இடம் மாற்றும், அவ்வளவுதான். அதுவும் அதே நூலில் உண்டு. நல்ல தவில்காரரிடம் கணக்கு எப்படி ஒளிந்திருக்குமோ, அப்படி அந்தப் பாடம் சிஸ்டரிடம் ஒளிந்திருக்கிறது.

அடுத்த பாடம் டாரதியா ஓரெமுடையது, 1971. நோயாளியால் முடியாததை மட்டும் செய், முடிவதற்குப் பழக்கு என்பது அவர் கோட்பாட்டின் சாரம். (மேற்படிப்பு மாணவிகள் அவரை மதிப்பெண்ணோடு மறந்துவிடுகிறார்கள் என்றால், பாதிக் குற்றம் அவருடையது, அந்த உரைநடையைப் படிப்பதும் கல்லுடைப்புதான்.) ஆனால் கட்டிலருகே அந்தக் கோட்பாடு அழகாகிவிடுகிறது. முதியவரை முன்னால் சாய்த்து, முழங்கைகளைத் தலையணைமேல் ஊன்ற வைத்து, "சூடான டீயை ஊதுற மாதிரி விடுங்க தாத்தா, அவசரமே இல்லை" என்கிறார் சிஸ்டர். உதடு குவிந்தால் சிறு மூச்சுக்குழல்கள் சட்டென மூடிக்கொள்வதில்லை. அடைபட்ட காற்று வெளியேறுகிறது. பிறகு தாத்தா தானே சட்டைப் பொத்தான் போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு. சிஸ்டரின் கை நீளவில்லை. எட்டும் தூரத்தில் நிற்கிறது. அந்த நீளாத கையைத்தான் நான் ரசிக்கிறேன். அவசரக்காரருக்கு அது சோம்பலாகத் தெரியும்.

நர்ஸிங் அறிவின் நான்கு வகைகளில் அழகியலையும் ஒன்றாக 1978-இல் வைத்தார் பார்பரா கார்ப்பர். எனக்கு அது போதும்.

சாயங்காலம் காற்று ஓய்ந்திருக்கிறது. மேட்டுப் பக்கத்துச் சன்னலைத் திறக்கத் தாத்தாவே எழுகிறார். பாதி வழியில் நின்று, ஒருமுறை டீயை ஊதிக்கொள்கிறார்.