யார் காதில் யார் குரல்

இலங்கை மலையகத்து லிந்துலையில் ஆடி மழை தகரத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. தோட்டத்து லய வீட்டின் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், குந்தி போனில் விளையாடும் பையன் அந்நேரம் மைக்கைத் திறந்துபோட்டால், அணியில் எல்லோர் காதிலும் நம் கூரை மழைதான். நல்ல குழுவில் அவனைத் திட்டமாட்டார்கள்; பொத்தானை அமுக்கினால் மட்டும் குரல் போகும்படி மாற்றச் சொல்வார்கள். விளையாடுவோர் பேசிக்கொள்ளும் குரல் அறை கட்டுவது ஒரு கலை என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

பப்ஜியில் 4 பேர் என்றால் ஓர் அறை போதும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் தொடக்கத்தில் 40 பேர் கூடித் தாக்க வேண்டியிருந்தது. விண்வெளிப் போர் விளையாட்டான ஈவ் ஆன்லைனில் ஒரு கப்பற்படைக்கு 256 பேர் வரை. அத்தனை பேரும் ஒரே அறையில் வாய் திறந்தால் சந்தைதான். அதனால் தளபதிக்குப் பொது அறை, அடிபட்ட கப்பல்களைச் சரிசெய்வோருக்குத் தனி அறை, வேவு பார்ப்பவர் தளபதி காதில் மட்டும் போட ஒரு வழி. மம்பிள் என்ற குரல் செயலியில் ஒரு பொத்தான் எல்லா அறைக்கும், இன்னொன்று துணைத்தலைவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகப் பிடித்தது டிஸ்கார்ட் செயலியின் 'பிரயாரிட்டி ஸ்பீக்கர்'. உரிமை பெற்றவர் பேசும்போது மற்றக் குரல்கள் அறுபடாமல் தணியும். நாதஸ்வரம் ஆலாபனை எடுக்கையில் தவில் இறங்கிக் கொடுக்குமே, அந்த நயம்.

2014 ஜனவரியில் ஈவ் விளையாட்டின் பி-ஆர்5ஆர்பி போரில் 7,500-க்கு மேற்பட்டோர் 21 மணி நேரம் மோதினார்கள். சர்வர் தாங்காமல் விளையாட்டின் நேரமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. குரல் மட்டும் தன் வேகத்தில் ஓடியது. கப்பல் ஊர்ந்துகொண்டிருக்கும், கட்டளை எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். அறைகளை ஒழுங்காகப் பிரித்தவரின் உழைப்பு அந்த இடைவெளியில்தான் தெரியும்.

சேதியைப் பிரித்து அனுப்புவது எங்கள் தோட்டத்துக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, அழைப்பார்கள். சாவுக்கு வேறு அடி. லயத்துக் காம்பரா அறையில் படுத்தபடியே எது என்று தெரிந்துகொள்வார்கள். வேலைக்கு விரட்டிய ஒலி அது, இனிமையாக்க மாட்டேன். ஆனால் ஒற்றைத் தோலில் இத்தனை சேதியைப் பிரித்து அனுப்பிய கையை வணங்குகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அறைகளைக் கலைத்து எல்லோரையும் பொது அறைக்கு இழுத்துவிடுவார்கள். இப்போது மைக்கைத் திறந்தே வைக்கலாம். யாரோ கேட்பார், "எங்கய்யா இந்த மழை?"

"லிந்துலையில."