நாற்காலி மெதுவாகத்தான் ஏறும்: ஸ்மக்லர்ஸ் நாட்ச் பனிமலையை எப்படி ரசிப்பது?

மடோனா மலை உச்சிக்குப் போகும் லிஃப்ட்டில் ஒரு நாற்காலிக்கு இரண்டே பேர். அடிவாரத்தில் உட்கார்ந்தால் உச்சியில் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். ஜனவரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியைத் தொடும் நாளில், காற்று முகத்தில் ஊசி குத்தும். இறங்கி வருகிறவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு லிஃப்ட்டா!" என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம். "நல்லவேளை, இன்னும் இதை மாற்றவில்லை" என்று சந்தோஷப்படுபவர்கள் மறுபக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது ஸ்மக்லர்ஸ் நாட்ச். வாடிக்கையாக வருகிறவர்களுக்கு அது 'ஸ்மக்ஸ்'. குழந்தை குட்டியோடு பனிச்சறுக்குக்குப் போக ஏற்ற இடம் என்று நெடுங்காலமாகப் பெயர் வாங்கிய தலம் இது. பனிச்சறுக்குப் பத்திரிகைகள் வாசகர்களைக் கேட்டுப் போடும் தரவரிசைகளில், கிழக்குப் பகுதியின் குடும்பத் தலங்களில் பலமுறை முன்னணியில் நின்றிருக்கிறது. இதைப் புகழ்கிறவரும் குறை சொல்கிறவரும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த விசித்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மலையை ரசிக்கும் வழி தெரிந்துவிடும்.

முட்டுச்சந்தில் ஒரு மலை

முதலில் பெயர். 'நாட்ச்' என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய கணவாய். 1807-ல் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டது. வடக்கு வெர்மான்ட்காரர்களுக்கோ கனடாதான் சந்தை. மாடுகளையும் சரக்கையும் இந்தக் கணவாய் வழியாக ரகசியமாக எல்லைக்கு ஓட்டிப் போனார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து மதுவிலக்கு வந்தபோது, அதே வழியாகக் கனடாவிலிருந்து சரக்கு இறங்கியது. இந்த முறை சரக்கு என்றால் சாராயம். கடத்தல்காரர்களின் கணவாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஸ்டோவ். வெர்மான்ட்டின் மிக உயர்ந்த சிகரமான மான்ஸ்ஃபீல்டின் சரிவில், கொண்டோலாவும் அதிவேக லிஃப்ட்டுகளுமாக இருக்கும் புகழ்பெற்ற தலம். காகம் பறந்தால் பக்கத்தில்தான். ஆனால் கணவாயைக் கடக்கும் 108-ஆம் எண் சாலை பாறைகளுக்கு நடுவே அவ்வளவு நெளிந்து குறுகிப் போகிறது; கோடையிலேயே பெரிய லாரிகள் சிக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். ஸ்டோவிலிருந்து காரில் வர ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஆகவே குளிர்காலத்தில் ஸ்மக்ஸ் ஒரு முட்டுச்சந்து. "எங்கேயோ மூலையில் கிடக்கிறது, சாயங்காலம் போய்ச் சுற்ற ஒரு டவுன் கிடையாது" என்பது இளவட்டங்களின் குறை. "வண்டி எதுவும் கடந்து போகாது, பிள்ளைகள் பாட்டுக்கு நடமாடலாம்" என்பது பெற்றோரின் நிம்மதி. சாலை ஒன்றுதான், பார்வை இரண்டு.

மூன்று மலை, மூன்று வயது

அடுத்து மலையின் வரைபடத்தைக் கையில் எடுக்க வேண்டும். மோர்ஸ், ஸ்டெர்லிங், மடோனா என்று மூன்று மலைகள். மோர்ஸ் சிறியது, தொடக்கக்காரர்களுக்கானது. ஸ்டெர்லிங் நடுத்தரம். மடோனா பெரிது, உச்சியிலிருந்து தலத்தின் அடிமட்டம் வரை 2,610 அடி இறக்கம். கிழக்கு அமெரிக்காவில் இது பெரிய இறக்கம்.

1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவராக இருந்த தாமஸ் வாட்சன் இந்தத் தலத்தை வாங்கி வளர்த்தார். தங்கும் வீடுகளும் கடைகளும் கொண்ட கிராமம் உருவானது மோர்ஸ் மலையின் காலடியில். கம்பீரமான மடோனாவின் அடிவாரத்தில் அல்ல. சின்ன மலையின் வாசலில். தங்கும் அறையிலிருந்து குழந்தையின் வகுப்பு நடக்கும் சரிவுக்கு நடந்தே போய்விடலாம். கெட்டிக்காரப் பெரியவர்கள்தான் மடோனாவுக்கு பஸ் ஏறிப் போக வேண்டும், அல்லது மோர்ஸ் உச்சியிலிருந்து சறுக்கிப் போக வேண்டும்.

நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் இதைக் கண்டு எரிச்சல்படுவது சகஜம். பஸ்ஸுக்கு நிற்பது, கையில் பலகைகளையும் காலில் கல் போன்ற பூட்ஸையும் சுமந்துகொண்டு படி ஏறுவது எல்லாம் அவர்களுக்குத்தான். மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர் அந்த வரைபடத்தைப் பார்க்கும்போது, இந்த மலையில் யார் முதல் விருந்தாளி என்பது சட்டென்று விளங்கும்.

கற்கும் சரிவில் அரை மணி நேரம்

மலையைப் பார்க்கப் போனவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம், குழந்தைகள் கற்கும் சரிவு. பனிச்சறுக்கே தெரியாதவர்கூட இங்கே ஓரமாக நின்று அரை மணி நேரம் பார்க்கலாம்.

குழந்தைகள் காதில் விழும் முதல் பாடம் 'பீட்சா'. இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு வடிவம் வரும். பலகைகளின் உள்விளிம்பு பனியில் கடிக்கும், வேகம் குறையும். 'ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்' என்றால் இரண்டையும் இணையாக வைப்பது, வேகம் கூடும். "பீட்சா! பீட்சா!" என்று ஆசிரியர் பின்னால் கத்திக்கொண்டே வர, முன்னால் ஒரு வாண்டு ஃபிரெஞ்ச் ஃபிரைஸிலேயே போய்க்கொண்டிருக்கும் காட்சி எல்லாச் சரிவிலும் உண்டு.

கவனிக்க வேண்டியது விழுவதை. பெரியவர்கள் விழுந்தால் முகம் சிவந்து, சுற்றுமுற்றும் பார்த்து, உடைகளைத் தட்டிக்கொள்வார்கள். குழந்தைகள் விழுந்தால் அங்கேயே பனியைத் தின்று பார்ப்பார்கள். உயரம் குறைவு, விழும் தூரமும் குறைவு. திங்கட்கிழமை, பிள்ளைகளைச் சரிவில் மேலே ஏற்றிப் போகும் நகரும் கம்பளத்தில் நிற்கவே பயந்த பிள்ளை, வெள்ளிக்கிழமை மோர்ஸ் உச்சியிலிருந்து இறங்குவதைப் பார்த்த குடும்பங்கள்தான் மறு வருடமும் ஸ்மக்ஸுக்கு வருகின்றன. இந்தத் தலத்தைப் பற்றிய பாராட்டுகளில் அதிகம் அடிபடுவது இங்குள்ள பனிச்சறுக்குப் பள்ளிதான். சரிவின் நீளத்தைப் பற்றிக் குறைப்படுகிறவர்கள்கூட ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வாழைத்தாரும் லிஃப்ட்டும்

இப்போது அந்த மெதுவான நாற்காலிக்கு வரலாம்.

நாற்காலி லிஃப்ட்டுக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் முதல் லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜிம் கரன். அதற்கு முன் அவர் கப்பல்களில் வாழைத்தார் ஏற்றும் கம்பிவட இயந்திரங்களில் வேலை செய்தவர். கொக்கியில் தார் தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார்; மனிதர்கள் மலையேறினார்கள்.

ஸ்மக்ஸின் பிரதான லிஃப்ட்டுகள் அந்தப் பழைய பரம்பரை. நாற்காலி கம்பிவடத்தை நிரந்தரமாகப் பிடித்திருக்கும். ஆட்கள் ஏறும் இடத்திலும் நடுவானிலும் ஒரே வேகம், நொடிக்கு இரண்டரை மீட்டர் அளவு. அதிவேக லிஃப்ட்டில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் வடத்தை விட்டுவிடும். ஆட்கள் நிதானமாக உட்கார்ந்ததும் மறுபடி வடத்தைக் கவ்விக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. மெதுவான லிஃப்ட், ஏறும் அந்த ஒரு நொடியில் மட்டும் அதிவேக லிஃப்ட்டைவிட வேகமானது. நாற்காலி வேகம் குறையாமல் வந்து முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும். அதனால் சின்னக் குழந்தை ஏறும்போது ஊழியர் நாற்காலியைக் கையால் பிடித்துத் தாங்குவார், அல்லது லிஃப்ட்டின் வேகத்தையே குறைப்பார். 'ஏன் நடுவில் நடுவில் நின்று போகிறது?' என்று மேலே அந்தரத்தில் நடுங்குபவர்களுக்குப் பதில், கீழே யாரோ ஒரு நாலு வயதுக்காரர் ஏறிக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

இனி கணக்கு. ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி வந்தால், இருவர் நாற்காலி ஒரு மணி நேரத்தில் 1,200 பேரை ஏற்றும். நால்வர் நாற்காலி 2,400 பேரை ஏற்றும். மேலே போகிறவர்கள் எல்லாரும் சறுக்கித்தான் இறங்க வேண்டும். ஆக, லிஃப்ட் அடியில் வரிசை நீண்டால் சரிவில் கூட்டம் குறையும். இப்போதுதான் பலகையைத் திருப்பப் பழகும் பிள்ளைக்கு மிகப் பெரிய பயம், பின்னாலிருந்து சர்ரென்று உரசிப் போகும் ஆள். அந்தப் பயம் இங்கே குறைவு. வரிசையில் நின்று சலித்தவரின் புகாரும், காலியான சரிவில் குழந்தையோடு இறங்கியவரின் புகழும் ஒரே லிஃப்ட்டிலிருந்து பிறந்தவை.

இன்னொன்றும் உண்டு. தடித்த கையுறையோடு போனைத் தொட முடியாது. அப்பாவும் மகளும் கால் மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

நிறங்களை நம்பலாம், அளவோடு

அமெரிக்கச் சரிவுகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆனால் இவை ஒரு மலைக்குள் ஒப்பிட்டுப் போடும் குறிகள். நாடு முழுதும் ஒரே அளவுகோல் கிடையாது. ஓரிடத்தின் நீலம் இன்னோரிடத்தில் கறுப்பாகலாம். ஸ்மக்ஸில் மோர்ஸின் பச்சையில் பழகிய தைரியத்தில் மடோனாவின் நீலத்தில் இறங்கி, நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

'குழந்தைகள் மலை' என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு மடோனா வேறு பதில் வைத்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் 'பிளாக் ஹோல்' என்ற தடத்துக்கு மூன்று கறுப்பு வைரம் போட்டிருக்கிறார்கள்; கிழக்கில் அப்படிக் குறியிட்டது இது ஒன்றுதான் என்று தலத்தார் பெருமையாகச் சொல்வார்கள். அதில் இறங்கத் தெரியாதவர் லிஃப்ட்டிலிருந்தே எட்டிப் பார்த்து, மற்றவர்கள் மரம் விட்டு மரம் வழி தேடுவதை ரசிக்கலாம்.

காதால் கேட்கும் பனி

பனியைக் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. இரவில் இயந்திரம் ஓட்டிச் சீவிய சரிவில், காலையில் கார்டுராய் துணி போல மெல்லிய வரிகள் இருக்கும். பலகை ஓடும்போது 'ர்ர்ர்' என்று மெலிதாக அதிரும். புதிதாக விழுந்த பூம்பனியில் சத்தமே வராது. இறுகிய பனி என்றால் தகரத்தைச் சுரண்டுவது போலக் கீச்சிடும். வெர்மான்ட்டில் நடுக்குளிரிலும் ஒரு நாள் மழை பெய்யும், மறுநாள் உறையும். மேற்கு மலைகளின் பூம்பனியில் பழகியவர்கள் கிழக்கை 'ஐஸ் கோஸ்ட்' என்று கிண்டல் செய்வது இதனால்தான். அந்த ஐஸில் பழகியவர் எங்கேயும் சறுக்குவார் என்பது கிழக்கத்தியரின் பதிலடி.

மதியத்துக்கு மேல் செங்குத்துச் சரிவுகளில் தெரியும் மேடுகளையும் பார்க்க வேண்டும். இவை 'மோகல்'. யாரும் கட்டியவை அல்ல. முன்னால் போனவர் திரும்பிய இடத்திலேயே பின்னால் வருபவரும் திரும்ப, பள்ளம் ஆழமாகி மேடு உயர்கிறது. ஒவ்வொருவரும் மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சீவி, அந்தப் பனியை அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் தள்ளுகிறார்கள். அதனால் மனிதர்கள் இறங்க இறங்க, மேடுகள் மெல்ல மெல்ல மலையேறுகின்றன.

கருத்துகளை எடை போடுவது

இந்தத் தலத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான்கு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. யாரோடு போனார்? தனியாகப் போனவருக்கு லிஃப்ட் நேரம் நஷ்டம். குழந்தையோடு போனவருக்கு ஓய்வு. எந்த வாரம் போனார்? பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரத்தில் போனவரின் அனுபவமும் ஜனவரி செவ்வாய்க்கிழமை போனவரின் அனுபவமும் ஒரே மலையில் நடந்தவை என்றே சொல்ல முடியாது. எந்த மலையில் நேரத்தைச் செலவிட்டார்? மோர்ஸ் மட்டும் பார்த்தவர் 'சப்பென்று இருக்கிறது' என்பார். முன்பு எங்கே சறுக்கிப் பழகினார்? பக்கத்து ஸ்டோவிலிருந்து வந்தால் வேகம் போதாது. நகரத்துக்கு அருகிலுள்ள குன்றிலிருந்து வந்தால் மடோனா மலைப்பூட்டும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு, இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டு பிடிக்கும் என்றால் கணக்கு இன்னும் மாறும். இதே வெர்மான்ட்டில் மேட் ரிவர் கிளென் என்றொரு தலம். சறுக்குபவர்களே பங்குதாரர்களாகி நடத்தும் கூட்டுறவு. ஒற்றை நாற்காலி லிஃப்ட்டை அவர்கள் கோயில் தேர் போலப் பாதுகாக்கிறார்கள். ஸ்னோபோர்டுக்கு அங்கே அனுமதி கிடையாது. பழமை விரும்பிகளுக்கு அது சொர்க்கம். அந்தப் பிள்ளை மட்டும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாலை நாலு மணி வாக்கில் ஸ்மக்ஸின் லிஃப்ட்டுகள் நிற்கத் தொடங்கும். மடோனாவிலிருந்து பஸ்ஸில் திரும்பும் பெரியவர்கள் மீசையில் உறைபனியோடு மோர்ஸ் அடிவாரத்தில் இறங்குவார்கள். வகுப்பு முடிந்த வாண்டுகள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் எவ்வளவு மெதுவாகப் போனது என்று அப்பா தொடங்குவார். லிஃப்ட்டிலிருந்து கீழே பனியில் முயல் ஓடிய தடத்தை எண்ணியதாகப் பிள்ளை சொல்லும்; எண்ணி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டதாம்.