கல்வெட்டு மைப்படிகளும் கோப்பு மாற்றமும்

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டொன்றில் அபராசித பல்லவன் தானே பாடிய வெண்பா பொறிக்கப்பெற்றுள்ளது. இத்தகைய சாசனங்களின் மைப்படிகளைக் கணிப்பொறியில் ‘டிஃப்’ கோப்பாகப் பதிந்து, பின்னர் இடச்சுருக்கம் கருதி ‘ஜேபெக்’ கோப்பாக மாற்றுவோர், இரண்டும் ஒன்றே என்பர். இஃது ஏற்புடைத்தன்று. 1992-இல் தரம் வகுக்கப்பெற்ற ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டாகச் சிறு கட்டங்களாய்ப் பகுத்து நுண்வேறுபாடுகளைக் கழிக்கின்றது. மிகச் சுருக்குங்கால் எழுத்தின் விளிம்பில் இல்லாத பொட்டுகளையும் தோற்றுவிக்கின்றது. புள்ளியிடுதல் அருகிய கல்வெட்டுகளில், மெய்யோ உயிர்மெய்யோ எனத் துணிதற்கு ஒரு புள்ளியே சான்றன்றோ! ஏடெழுதினோர் பிழையைத் துருவி ஆராயும் நாம் கருவியின் பிழையை மூலமெனக் கொள்ளுதல் எங்ஙனம்? மீண்டும் டிஃப் ஆக்கினும் இழந்தது மீளாது. எக்கோப்பினின்று பாடங்கொண்டார் என்பதைப் பதிப்பாசிரியர் முகவுரையிற் குறித்தல் வேண்டும். முதற்கோப்பை அழித்தலும் ஆகாது.