படமும் பெயரும்

செமிலிங் போன்ற கெடாத் தோட்டப்புறத்து இளைஞன், பால்மரம் சீவும் தன் ஊராரைப் படமெடுத்து முதன்முதலாகக் கண்காட்சியில் வைக்கும்போது, படம் துலக்கமாக உள்ளதா என்றே அஞ்சுகின்றான். அவ்வச்சத்திற்குக் காரணமான இகழ்ச்சியை நேரிற் கண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்த அவர், 1863இல், தம் 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கருவியால் இக்கலையுட் புகுந்தார். மறு ஆண்டே இலண்டன் புகைப்படச் சங்கக் கண்காட்சியில் இடம்பெற்றார். துலக்கமில்லை, கைத்திறமில்லை எனத் துறை இதழ்கள் ஏசின. அவர் மாறவில்லை. அந்த மங்கலிலேதான் அவருடைய முகங்கள் உயிர்பெற்றன. இதில் இதழ்களே பிழைபட்டன.

ஆயினும் கேட்க வேண்டிய வினாவை அவை கேட்கவில்லை. டார்வின், டென்னிசன் இருக்கட்டும். பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட நிலைத்துவிட்டது. 1875இல் கேமரன், கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கையிற் குடியேறினார். 1879இல் மறையும்வரை அங்கு அவர் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளரும் உளர். கம்பீரமான தோற்றம், ஆனால் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. 'குடியானவர் கூட்டம்' என்பது போன்ற குறிப்பே எஞ்சியது.

செமிலிங் இளைஞனுக்கு அந்த வசதி இல்லை. படத்தில் நிற்பவரே கண்காட்சிக்கு வந்து, கீழே தம் பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பார்.