ஒரே காற்று, வேறு மரம்

ஆடி மாதம் சேத்தூருக்குப் போனால் முதல் வேலை மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்துவதுதான். மலையிலிருந்து இறங்கும் காற்று கொடியில் ஒரு துணியை விட்டுவைக்காது. வரப்பில் நிற்கும் வேம்பு கிழக்கே சாய்ந்தேதான் வளர்ந்திருக்கிறது. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை (1847) இரண்டாம் முறை படித்தேன். காலேஜில் படித்தபோது கண்ணில் பட்டது காதலும் பழிவாங்கலும் மட்டும்தான். இந்த முறை மரங்கள் பட்டன.

தலைப்பிலேயே காற்று இருக்கிறது. ‘வுதரிங்’ என்பது புயல்காற்றைச் சொல்லும் வட்டாரச் சொல். முதல் அத்தியாயத்தில் லாக்வுட், வடகாற்றில் ஒரே பக்கம் சாய்ந்த குட்டை மரங்களைப் பார்க்கிறான். அவனுக்கு அது வெறும் காட்சி. வெளியூர்க்காரன் கண், அவ்வளவுதான்.

பிறகு ஹிண்ட்லி சாகிறான். சிறுவயதில் தன்னை வதைத்த அவனுடைய குழந்தை ஹேர்ட்டனை ஹீத்கிளிஃப் மேஜைமேல் தூக்கி நிறுத்துகிறான். அதே காற்று முறுக்கினால் இந்த மரமும் கோணலாகத்தானே வளரும், பார்ப்போம் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். விஷயம் புரியாத குழந்தை அவன் கன்னத்தைத் தடவுகிறது. லாக்வுட் பார்த்த அதே மரம் இங்கே ஆயுதமாகிவிட்டது.

கேத்தரினும் அதே நிலத்திலிருந்துதான் எடுக்கிறாள். லிண்டன்மேல் உள்ள காதல் பருவம் மாறினால் மாறும் இலை. ஹீத்கிளிஃப்மேல் உள்ளது அடியில் கிடக்கும் பாறை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவள் அந்த இலையைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பாறை எங்கேயும் போகாது என்ற தைரியம் அவளுக்கு. அவன் அன்றிரவே வீட்டைவிட்டுப் போய்விடுகிறான்.

திணை படித்த நாம் நிலத்தையும் உணர்ச்சியையும் சட்டென்று முடிச்சுப் போட்டுவிடுவோம். பிராண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த உவமையைச் சொல்வது யார்? எதற்காக? உவமை பொருளைவிடச் சொல்பவரைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. குறுந்தொகையில் ஒரு கவிஞருக்குச் செம்புலப்பெயனீரார் என்று அவர் சொன்ன உவமையே பெயராக நின்றுவிட்டது, இல்லையா?

எங்கள் வீட்டில் தாத்தா கோபக்காரர், அப்பாவும் அப்படியே. என் பையனிடம் நான் கத்திய அன்றைக்கு, “விடுடா, நீ வளந்த காத்து அப்படி” என்றாள் அம்மா. ஆறுதலாகத்தான் இருந்தது. நாவலில் அந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா அன்பாகச் சொன்னதும் ஹீத்கிளிஃப் வன்மமாகச் சொன்னதும் ஒரே உவமை. அது எனக்குச் சாக்காகவும் வசதியாக இருந்தது.

நாவல் அந்த உவமையை ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பறிவில்லாமல் முரடனாக வளர்க்கப்பட்ட ஹேர்ட்டன், கடைசியில் இளைய கேத்தியிடம் எழுத்துக் கற்கிறான். அவள் கேட்டதற்காகப் புதர்களை வெட்டிப் பூச்செடிக்கு இடம் செய்கிறான். இந்த மாற்றத்தைப் பிராண்டி கொஞ்சம் அவசரமாக முடிக்கிறார் என்பது என் குறை. ஆனால் ஹீத்கிளிஃப் செத்ததும் ராத்திரி முழுக்கப் பிணத்தருகே உட்கார்ந்து அழுவது இதே ஹேர்ட்டன்தான். தன்னைக் கெடுக்க நினைத்தவனுக்காக அழுகிறவனை எந்தக் காற்று முறுக்கியது?

வேம்பு சாய்ந்துதான் நிற்கிறது. அதற்கு வேறு வழியில்லை, அது மரம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது.